நாற்பது கட்டங்களும் ஒரு கேள்வியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஆசிரியர் சங்க மலருக்கு 'மேற்பார்வை முறைகளும் கற்பித்தல் திறனும்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அக்காவிடம் தகவல் கேட்கப் போனேன். அவள் அழுதுகொண்டே, தலைமையாசிரியர் அவள் பாடத்தைப் பார்த்து நிரப்பிய ஒரு படிவத்தை என் மேல் விசிறியடித்தாள். நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மதிப்பெண்; நாற்பதுக்கு முப்பத்தொன்பது. கரும்பலகை ஓரத்தில் தேதி எழுதாததற்கு மட்டும் ஒன்று குறைந்திருந்தது.

"இதுக்குப் போயா அழுவாங்க?" என்றேன். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: பள்ளி மணி கணீரென்று ஒலிக்க, கதிரவன்—

(சே! யாருக்கு வேண்டும் கதிரவன்?)

இரண்டாவது: புதிய தலைமையாசிரியர் தன் முறுக்கு மீசையை—

"அவருக்கு மீசையே இல்லடா," என்கிறாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அங்க நிக்காதேன்னு எத்தனை தடவைக்கா சொல்றது? ஒரு வரி ஓட மாட்டேங்குது!"

"இப்பப் புரியுதா?" என்கிறாள்.

3

சரி, நடந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். ஆசிரியர்கள் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்திருக்கும் தலைமையாசிரியர் பின் பெஞ்சில் கடிகாரமும் படிவமுமாக உட்கார்ந்திருக்கிறார். அறிமுகம் ஐந்து நிமிடம், டிக். எடுத்துக்காட்டு எட்டு நிமிடம், டிக். ஆறு மாதமாக வாயே திறக்காத சன்னலோரப் பெண் அன்றைக்கென்று பார்த்து எழுந்தாள்.

"மிஸ், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் மிஸ்?"

அந்தப் பெண் என்றைக்காவது வாய் திறக்க மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தவள் அக்கா. அவள் கண் பின் பெஞ்சுக்குப் போனது.

"அப்புறம் பாக்கலாம். உக்காரு."

படிவத்தில், நேரம் பேணல்: மிக நன்று.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இவருக்கு முன்பிருந்த தலைமையாசிரியையும் அதே பெஞ்சில்தான் உட்காருவார், வெறுங்கையோடு. "எனக்கே புரியல டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கை தூக்குவார். உடனே பத்துப் பிள்ளைகள் கை தூக்கும். 'ரொம்பப் புகழாதே, லேட்டா வந்தா வறுத்தெடுத்துடுவாங்க' என்று அக்கா திருத்தச் சொன்னாள்.)

4

முடிவு அ: அக்கா படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்து—

"கிழிக்கறதா! இந்த மாதிரி ரெண்டு இருந்தாத்தான்டா பத்தாம் வகுப்பு குடுப்பாங்க. எட்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

முடிவு ஆ: ஸ்டாப்வாட்ச் மனம் திருந்தி—

(அட போங்கய்யா. அவருக்குப் பின்னாலும் ஒருத்தர் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.)

முடிவு இ: மணி அடித்ததும் அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு—

"கூப்பிட்டேன்டா," என்றாள் அக்கா. "'ஒண்ணுமில்ல மிஸ், மறந்துபோச்சு'ன்னுட்டா."

மறந்திருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

5

நாளைக்கு மூன்றாவது பீரியட்டில் இரண்டாவது படிவம். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தால் பாடம் முடியாது, பத்தாம் வகுப்பும் போச்சு. கொடுக்காவிட்டால் அந்தப் பெண் இனி எழுந்திருக்கவே மாட்டாள்.

"நான் என்ன செய்யறதா எழுதப்போற?" என்கிறாள் அக்கா.

எழுத மாட்டேன். நானும் ஒரு கட்டம் போட்டு அவளை அதற்குள் நிறுத்தவா?

நீங்கள் போங்கள். ஸ்டாப்வாட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. கையில் எதையும் எடுத்துப் போகாதீர்கள். கேள்வி உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் எழுந்திருக்காவிட்டால், நீங்கள் கையைத் தூக்குங்கள்.