ஆடாத டப்பா

மகளின் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் என் வீட்டுக்காரர் அதைக் காதருகே கொண்டுபோய் ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கடகடவென்றால் மறுபடி திறப்பார். சந்தில் ஒரு பழத்துண்டைச் செருகுவார், திரும்ப ஆட்டுவார். கிடங்கில் வருடக்கணக்காகப் பார்சல் கட்டியதில் ஒட்டிக்கொண்ட வியாதி.

"பெட்டிக்குள்ள காலி இடம் இருந்தா சரக்கு உடையும்" என்பார்.

"அவிச்ச முட்டை உடைஞ்சா என்ன? எப்படியும் கடிச்சுத்தான திங்கப்போறா" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பேன். அவர் காது டப்பாவோடு இருக்கும்.

போன வருடம் வரை மகள் பள்ளிக் கேன்டீனில்தான் சாப்பிட்டாள். வாடகை ஏறியது. கேன்டீனை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஊரின் அந்தக் கோடியில் மலிவாக ஒரு வீடு பார்த்து அவளை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும். எங்கள் பிழைப்பை முன்னிட்டு ஏற்கெனவே இரண்டு பள்ளி மாறியவள். "இன்னொரு தடவ மாத்திடாதீங்கம்மா" என்று அவள் கேட்ட முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் கேன்டீனை நிறுத்தினோம். சலவைக் கூடத்தில் எனக்குக் காலை ஷிப்ட் என்பதால் டப்பா கட்டுவது அவர் வேலை, சாயங்காலம் கழுவுவது என் வேலை.

ஆனால் மிச்சம் பிடிக்கலாம் என்று போட்ட கணக்கு எங்கேயோ இடித்தது. சனிக்கிழமை வரை வரவேண்டிய ரொட்டி வியாழனோடு தீர்ந்தது. இன்னொன்று, டப்பா துடைத்து வைத்ததுபோல் திரும்பி வந்தது. பல் முளைத்த நாளிலிருந்து ரொட்டி ஓரத்தைத் தொடாத பெண் இவள். நடுவை மட்டும் கொறித்துவிட்டு ஓரத்தைப் படச்சட்டம் மாதிரி அப்படியே வைப்பாள். அந்த ஓரங்கள் எங்கே போயின? மற்றவர்கள் முன்னால் வீட்டு டப்பாவைத் திறக்க வெட்கப்பட்டு, அப்படியே குப்பையில் கொட்டுகிறாள் என்றே நினைத்தேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் புதுக்கூத்து ஒன்று தொடங்கினார். கிடங்கு அட்டையை அளவாக வெட்டி, எண்ணெய்த்தாள் சுற்றி, டப்பாவின் நடுவில் தடுப்பாக நிறுத்தினார். ஒரு நாள் அது ஊறிப்போய் வந்ததால் தூக்கி எறிந்தேன். அதைத் தேடி வந்த மகள், குப்பைக்குப் போய்விட்டது என்றதும் பொலபொலவென்று அழுதாள். ஏன் என்று எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஓர் அட்டைத் துண்டுக்கு இவ்வளவு அழுகையா?

மறுநாள் சலவைக் கூடத்தில் நீராவிக் குழாய் பழுதாகி, மதியத்துக்கு முன்பே எங்களை அனுப்பிவிட்டார்கள். நான் நேராகப் பள்ளிக்குப் போய்க் கம்பி வேலியோரம் நின்றேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துப் பெஞ்சில் என் மகள். அருகே ஒல்லியாக, கை நீண்டு தொங்கும் சட்டையில் ஒரு பெண். மகள் டப்பாவைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அப்பா காலையில் வெட்டித் தந்த புதுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். தன் ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து இவள் அந்தப் பக்கம் போட்டாள். அவள் முதலில் அவற்றைத்தான் சாப்பிட்டாள். எதற்கோ இருவரும் சிரித்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நம்ம பொண்ணு ஓரத்த என்னைக்குத் தின்னா? டப்பா காலியா வந்தப்பவே வேற ஒரு வாய் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. அதான் ரெண்டு பேருக்கு அடைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீ வாடகைய நெனச்சே தூங்காம கெடக்குற. இதையும் உன் தலையில ஏத்தணுமா?"

"அந்தத் தடுப்பு?"

"ஒருத்தர் எடுத்துக் குடுத்தா வாங்குற கை கூசும். பிரிச்சு வெச்சுட்டா அது அவ பங்கு."

இந்த மனிதரோடு நான் போடாத சண்டை இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார், விளக்கை அணைக்க மாட்டார். ஆனால் அந்த நேரத்தில், இவரை எனக்குக் கொடுத்த யாருக்கோ கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. பேசினால் அழுதுவிடுவேன் என்று டப்பாவைக் கழுவப் போனேன்.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கேன்டீன நிறுத்துனப்ப உங்க மேல எவ்ளோ கோவமா இருந்தேன் தெரியுமாம்மா? இப்ப இல்ல. அங்கயே இருந்திருந்தா அவளப் பாத்திருக்கவே மாட்டேன். காசு கட்டாதவங்கள உள்ள விட மாட்டாங்க. நான் வர்ற வரைக்கும் தெனம் தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்திருந்தாளாம்."

டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "ரொட்டி சீக்கிரம் தீருதுன்னு இதையும் நிறுத்திடுவீங்களா?" என்றாள்.

வாடகை அப்படியேதான் இருக்கிறது. அது எங்கேயும் போய்விடவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அவளுக்கு ஓரம் நிஜமாவே பிடிக்குமா, இல்ல பசிக்குத் திங்குறாளா?"

"உயிரும்மா அவளுக்கு. நடுவ விட ஓரம்தான் ருசியாம்."

தெருமுனை ரொட்டிக் கடையில், கடை சாத்தும் நேரத்தில் வெட்டி ஒதுக்கிய ஓர முனைகளைப் பை பையாகக் கட்டி ஒன்றுமில்லாத விலைக்குக் கொடுப்பார்கள். நமக்கு அந்த நிலைமை இன்னும் வரவில்லை என்று, அந்தப் பைகளைப் பார்க்காத மாதிரி எத்தனையோ நாள் கடந்து போயிருக்கிறேன். அன்று பையை எடுத்துக்கொண்டு, "கடைய சாத்துறதுக்குள்ள வா" என்று மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் அவர் எழுவதற்கு முன்பே அட்டையை வெட்டி, தாள் சுற்றி, நடுவில் நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் நல்ல மொறுமொறுப்பான முனைகளாகப் பார்த்து அடுக்கினேன். மூடி ஆட்டினேன். கடகடவென்றது. திறந்து ஒரு துண்டைச் செருகினேன். மறுபடி ஆட்டினேன். எனக்குச் சரியாகத்தான் பட்டது, ஆனாலும் நம்பிக்கை இல்லை. நிமிர்ந்தால், வாயில் பல்துலக்கியோடு அவர் வாசற்படியில் நிற்கிறார். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். நான் டப்பாவை அவர் காதருகே கொண்டுபோய் ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.