பெயரடைவுக்கு முந்தைய நிறுத்தம்

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் சகாயராணி நடத்திவந்த கடையில், பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள், பேருந்துகள் பற்றிய புத்தகங்கள் பல மொழிகளில் இருந்தன. அக்கம்பக்கத்தார் அவற்றில் ஏறித்தான் வெளியூர் போய்வந்தார்கள். கல்யாணத்துக்கு ஜெர்மன் கார்ப் புத்தகம். அவசரமென்றால் இத்தாலிய மோட்டார் சைக்கிள் புத்தகம். மற்றபடி ஏதாவது பேருந்துப் புத்தகம். பக்கத்தைத் திறந்து கால் வைத்தால் போதும்.

எந்த மொழியானாலும் பயம் ஒன்றுதான். புத்தகத்தின் கடைசியில் எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் அடுக்கும் பெயரடைவு வரும். அதற்கு முன் இறங்காதவர்களை எழுத்துவாரியாகப் பிரித்து நிறுத்திவிடுவார்கள். பெரியகடை வீதித் தையல்காரரும் அவர் மனைவியும் அப்படித்தான் தூங்கிவிட்டார்கள். இப்போது அவர் ஒரு பக்கத்தில் நிற்கிறார், அந்த அம்மாள் வேறொரு பக்கத்தில்.

அன்று சகாயராணியின் தங்கை ஜெசிந்தாவுக்கு நிச்சயதார்த்தம். சத்தியமங்கலத்தில் பூ வாங்கி வருகிறேன் என்று காலையில் ஃபின்லாந்துப் பேருந்துப் புத்தகத்தில் ஏறியவள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் திரும்பவில்லை. சகாயராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். பனி மூடிய சாலையில் நீலப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறை பார்க்கும்போது அது பல பக்கங்கள் தள்ளிப் போயிருந்தது. ஜன்னலில் ஜெசிந்தாவின் தலை தெரிந்தது, மடியில் பூக்கூடையும்.

மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள் திருப்பூரிலிருந்து தட்டுகளோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை அவரோடு வரவில்லை.

“ஏனுங்க, ரெமிஜியுஸ் இன்னும் வரலீங்களா? காலையிலயே எங்க ஊர் லைப்ரரியில பஸ் ஏறிட்டானுங்களே.”

“எந்தப் புத்தகமுங்க?”

“ஃபின்லாந்துதானுங்க. சீட்டு நல்லா இருக்கும்னு சொன்னானுங்க.”

ஒரு புத்தகத்துக்கு எத்தனை பிரதி இருந்தாலும் ஓடுவது ஒரே பேருந்துதான். சகாயராணி மறுபடி பார்த்தாள். ஜெசிந்தாவுக்குப் பின்சீட்டில் ஒருவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மீதிப் பக்கங்கள் விரல் கனம்கூட இல்லை.

“பொண்ணுக்கு ஜெ, பையனுக்கு ர. நடுவுல எத்தனை எழுத்துங்க,” என்றார் லூர்தம்மாள். நின்ற இடத்திலேயே தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

சகாயராணி இத்தாலியப் புத்தகத்தையும் ஃபின்லாந்துப் புத்தகத்தையும் திறந்து, முகத்தோடு முகம் வைத்து அலமாரியில் நெருக்கி நிறுத்தினாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிவப்பு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அவள் அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. படத்தில் எஞ்சினின் ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டிருந்ததால் சிரமம் இல்லை. பக்கம் தாண்டும் இடத்தில் ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். அப்புறம் முகத்தில் பனி அடித்தது.

பேருந்தை எட்டிப் பிடித்து ஜன்னலைத் தட்டினாள். ஜெசிந்தா கண்ணாடியை இறக்கினாள்.

“எறங்குடி! பெயரடைவு வருது!”

“தெரியுதுக்கா. என்னால எறங்க முடியாது.”

“ஏன்டி?”

“ஜன்னல் சீட்டு கெடச்சிருக்கு.”

சகாயராணி வண்டி நேராகப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

“வாந்தி வரும், வாந்தி வரும்னு சொல்லியே நீ எனக்கு ஒரு நாளாவது விட்டுக் குடுத்திருக்கியா? எந்திரிச்சா யாராவது உக்காந்துருவாங்க.”

“உம் பின்னாடி தூங்கறவர்தான்டி மாப்பிள்ளை.”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “போட்டோவுல மீசை இருந்துச்சு,” என்றாள். பிறகு பூக்கூடையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, “எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா சீட்டு?” என்றாள்.

வெளியே மரங்கள் இரண்டு பத்தியாக நிற்கத் தொடங்கியிருந்தன. சாலையோரக் கற்களில் எழுத்து பொடிப்பொடியாகிக்கொண்டே வந்தது.

“நான் உக்காந்து பிடிச்சு வெக்கறேன். நீ எந்திரி.”

மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியதும் பேருந்தும் நின்றது. ஜெசிந்தா ரெமிஜியுஸைத் தட்டி எழுப்பி, பூக்கூடையை அவன் கையில் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் தனக்குப் பின்னால் உட்காரச் சொன்னாள். கண்ணைக் கசக்கியபடி அவன் உட்கார்ந்தான்.

“நீ எப்பக்கா வருவே?”

“கடைய நீ பாத்துக்க. சீக்கிரம் போ. அந்தம்மா இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல.”

சிவப்பு வண்டி சத்தமாகப் புறப்பட்டது. பக்கத்தின் ஓரம் தாண்டும்போது ஜெசிந்தா ஒரு கையை விட்டு ஆட்டினாள். ரெமிஜியுஸ் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

சகாயராணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருக்கையில் தங்கையின் சூடு இன்னும் இருந்தது. காலையிலிருந்து நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த தன் கால் இப்போதும் ஆடுவதைக் கவனித்தாள். முழங்காலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. தனியாகப் போகிறவளை யாரிடமிருந்து பிரித்து நிறுத்துவார்கள் என்று யோசித்தாள். அதற்குள் முதல் எழுத்தின் பலகை ஜன்னலைத் தாண்டிப் போனது.

கண்டக்டர் வந்து, அடுத்த நிறுத்தத்தில் ஒரு ஏரி ஏறப்போகிறது, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று ஃபின்னிய மொழியில் சொன்னார். சகாயராணி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.