பத்தடி பூமி

அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு பூமி வைப்பது என்று முடிவாயிற்று. பழைய பூமி பிளாஸ்டிக். வெயில் விழும் ஜன்னலோரம் நெடுங்காலம் நின்றதில் வடதுருவம் உள்ளே அமுங்கிவிட்டது. புதியது பத்தடி விட்டத்தில், கால் பாகம் வெட்டி எடுத்தது போல, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி அமைய வேண்டும். நிலவியல் பிரிவுக்குச் சின்னவள்தான் பொறுப்பு என்பதால் அளவும் நிறமும் அவள் சொல்ல வேண்டியது. செய்து தருவதற்கு வெளியே ஒரு பட்டறையைப் பிடித்திருந்தார்கள்.

எந்தப் பட்டறை என்று தெரிந்ததும் அவள் நேராக டைரக்டர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், அந்தப் பட்டறை என் ஓரகத்தியோடது."

டைரக்டர் மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். எதற்கும் பதறாதவர்.

"அப்ப பேசறதுக்குச் சுலபமா இருக்கும்."

"நாங்க பேசிக்கிறதில்லை சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "அது இன்னும் நல்லது. வேண்டப்பட்டவங்களுக்குக் கொடுத்துட்டோம்னு ஒருத்தரும் வாய் திறக்க முடியாது."

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வீடு. கீழே பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம். பெரியவள் துணிக்கடைகளில் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளைச் செய்யும் பட்டறை நடத்தினாள். போன வருஷம் உறவினர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ சின்னவளின் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். அதற்குப் பெரியவள், "கல்லைப் பார்த்துக்கிட்டு இருக்கா. அது எங்க போயிடப் போகுது?" என்றாள். "உங்க பொம்மை மட்டும் எழுந்து நடக்குதாக்கும்" என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும்கூடச் சிரித்தார்கள். வீடு வந்து சேர்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகு மோட்டார் போடுவது, குப்பைப் பையை வெளியே வைப்பது எல்லாமே அண்ணன் தம்பி மூலமாகத்தான் நடந்தது. மாடிப்படி ஏறி இறங்கியே தம்பிக்குத் தொப்பை குறைந்துவிட்டது.

சின்னவள் பட்டறைக்குப் போனாள். பெரிய தகரக் கொட்டகை. தலையில்லாத பொம்மைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. கைகள் தனியாக ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. பிசின் நெடி கண்ணைக் கரித்தது. பெரியவள் உப்புத்தாளால் ஒரு பொம்மையின் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பொம்மையிடம் பேசினாள்.

"வந்தவங்க உட்காரலாம். நாற்காலி மேல இருக்கிற காலை எடுத்துக் கீழ வெச்சுடலாம்."

சின்னவள் காலை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் பொம்மையிடமே பதில் சொன்னாள். "நடுவுல உருண்டையா உட்கரு. இரும்பும் நிக்கலும். அதைச் சுத்தி வெளிக்கரு, அதுவும் இரும்புதான், ஆனா உருகினது. அதுக்கு மேல ரொம்ப தூரத்துக்குப் பாறை. கடைசியா மேலோடு."

"இதையெல்லாம் பார்த்தது யாருன்னு கேக்கணும்."

"யாரும் பார்க்கலை."

பெரியவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். முதல் தடவையாகச் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். "பார்க்காமலேதான் கலர் சொல்ல வந்தியா?"

"எங்கயாவது பூமி அதிர்ந்தா அந்த அதிர்வு அலையா உள்ள போய் மறுபக்கம் வரும். அதுல ஒரு வகை அலை கெட்டியான பொருள்ல மட்டும்தான் ஓடும், உருகினது குறுக்க வந்தா அங்கயே நின்னுடும். பாதிவழியில நிக்குது. அங்க உருகியிருக்குன்னு அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

பெரியவள் விரல் முட்டியால் பொம்மையின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே சத்தம் மாறியது. "இங்க காத்துக் குமிழி மாட்டியிருக்கு. காதை வெச்சுக் கேளு."

சின்னவள் எழுந்து போய்க் காதை வைத்தாள். கேட்டது.

"இதேதான்க்கா" என்றாள்.

அக்கா என்ற சொல் அவளை மீறி வந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்காதது போல இருந்துகொண்டார்கள்.

"நடுவுலதான் சூடு அதிகம்னு சொல்றாங்களே. அது மட்டும் ஏன் உருகலை?"

"மேல இருக்கிற அத்தனை பாரமும் அதை அமுக்குது. உருக விடாது."

"மூத்த மருமக மாதிரி" என்றாள் பெரியவள். சிரிக்கவில்லை. சின்னவளுக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்த பேச்சு கனத்தைப் பற்றி. பத்தடி பூமியில் கண்டங்கள் இருக்கும் இடத்தில் மேலோடு எட்டு மில்லிமீட்டர் என்றாள் சின்னவள். கடலுக்கு அடியில் அதில் கால் பங்குகூட வராது.

"சரி, கடல்?"

"ஒரு மில்லி. அதுக்கும் கொஞ்சம் கம்மி."

"அதுக்குப் பேரு கடல் இல்ல, பெயிண்ட்."

"ஆமாக்கா. மேகம், மழை, புயல் எல்லாம் அதுக்கு மேல ஒரு மூணு மில்லிக்குள்ள முடிஞ்சுடும்."

"வார்னிஷ்" என்று சொல்லிப் பெரியவள் தலையாட்டினாள். பெயிண்ட், வார்னிஷ் என்று வந்த பிறகு பூமி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வேலை ஆரம்பமாயிற்று. சின்னவள் ஆபீஸ் முடிந்ததும் பட்டறைக்குப் போவது வழக்கமானது. வெளிக்கருவுக்கும் மேலோட்டுக்கும் நடுவே உள்ள பாறைக்கு என்ன நிறம் என்பதில் மட்டும் இரண்டு மாலை கழிந்தது. எல்லாப் படத்திலும் சிவப்பாகத்தானே இருக்கிறது என்றாள் பெரியவள். அது நெருப்புக் குழம்பு இல்லை, கெட்டிப் பாறை, நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது, மேல்பகுதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் இளம்பச்சை என்றாள் சின்னவள். பச்சை அடித்தார்கள். வீட்டில் மட்டும் பழையபடி அண்ணன் தம்பி மூலமாகவே பேச்சு நடந்தது. பட்டறையில் பேசுவது வேலை, வீட்டில் பேசுவது பேச்சு என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

பாதி முடிந்த நிலையில் டைரக்டர் பார்க்க வந்தார். பூமியை ஒருமுறை சுற்றி வந்தார். வெட்டிய பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"மேலோடு எங்கம்மா?"

சின்னவள் விரலால் காட்டினாள்.

"இந்தக் கோடா? இதுலயா நாம இருக்கோம்?"

"ஆமா சார்."

"மீனுக்குச் செதில்கூட இதைவிடக் கனமா இருக்கும். நாலு அங்குலம் வெச்சுடுங்க. பார்க்க வர்றவங்களுக்கு அவங்க நிக்கிற இடமே தெரியலைன்னா மனசு சங்கடப்படும்."

"சார், நாலு அங்குலம்னா அது நானூறு கிலோமீட்டருக்கு மேல ஆயிடும்."

"ஆகட்டுமே. பலமா இருந்தா நல்லதுதானே."

 மேலதிகாரி சொன்னதை மறுத்துச் சின்னவளுக்குப் பழக்கமில்லை. என்ன சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கையில், ஏணி மேல் நின்றிருந்த பெரியவள் தூரிகையோடு இறங்கி வந்தாள்.

"சார், பொம்மைக்குத் தோலை நாலு அங்குலம் வெச்சா எந்தச் சட்டையும் ஏறாது. இது எங்க வீட்டுப் பொண்ணு கொடுத்த அளவு. அவ இதுக்குன்னே படிச்சவ. அளவை மாத்தணும்னா நீங்க வேற பட்டறையைப் பாருங்க."

டைரக்டர் பெரியவளைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கரித்தது, பிசின் நெடியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னு சொன்னீங்க?" என்றார் டைரக்டர்.

"வீட்டுல சார்" என்றாள் சின்னவள்.

கடைசியில் நம்ம ஊர் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி வைப்பதாகப் பேசி முடித்தார்கள். டைரக்டர் கேட்ட அளவில் வைத்தபோது அந்தப் புள்ளி பக்கத்து ஊர்களையெல்லாம் விழுங்கிவிட்டது. அவருக்குப் பரம திருப்தி.

பூமி லாரியில் ஏறி அருங்காட்சியகத்துக்கு வந்தது. வாசலில் இறக்கினார்கள். அந்தக் கட்டிடத்தின் கதவு நல்ல உயரம். பன்னிரண்டு அடி இருக்கும். அகலம் ஏழடி.



"கதவை அளந்தது யாரு?" என்றார் டைரக்டர்.

பட்டறையில் அளந்திருப்பார்கள் என்று சின்னவள் நினைத்திருந்தாள். அருங்காட்சியகத்திலேயே வேலை செய்பவள் அளந்திருக்க மாட்டாளா என்று பெரியவள் நினைத்திருந்தாள். அளக்க வேண்டிய சமயத்தில் இருவரும் பொம்மை வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம இருக்கிறது நல்லதுன்னு நான் சொன்னது இதுக்கு இல்லை" என்றார் டைரக்டர்.

சுவரை இடித்துவிடலாமா என்று காவலாளி கேட்டார். பழமையான சுவர், தொடக்கூடாது என்றார் டைரக்டர். "சீக்கிரம் ஏதாவது சொல்லுங்க, உலகத்தைத் திரும்ப ஏத்திக்கிட்டு நான் எங்க போறது?" என்றார் லாரிக்காரர்.

வேறு வழியில்லை, அறுக்கத்தான் வேண்டும். பெரியவளின் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடி நாரும் பிசினுமாக ஒவ்வொரு படலமாகத் தன் கையால் ஏற்றிய ஓடு அது. எங்கே வெட்டினாலும் ஒரு கண்டம் பிளந்துபோகும் என்றாள்.

சின்னவள் பூமியை மெதுவாகச் சுற்றி வந்தாள். பசிபிக் கடலில் பெரும்பகுதியை ஏற்கெனவே வெட்டி எடுத்தாயிற்று. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்ததும் நின்றாள்.

"அட்லாண்டிக் நடுவுல அறுங்கக்கா."

"ஏன் அங்க?"

"கடலுக்கு அடியில வடக்க இருந்து தெற்க வரைக்கும் ஒரு மலைத்தொடர் ஓடுது. பூமியோட ரெண்டு தட்டு அங்கதான் விலகிக்கிட்டிருக்கு. விலக விலகக் கீழ இருந்து புதுப்பாறை வந்து நிரம்பும். அங்க நாம அறுக்கறது பெரிய தப்பில்லை. அதுவாவே பிரியற இடம்."

"தையல் விட்ட இடம்னு சொல்லு."

"அதேதான்."

பெரியவள் சாக்குக்கட்டியை நீட்டினாள். சின்னவள் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டாள். அறுப்பு இயந்திரத்தைக் கையில் எடுத்த பிறகும் பெரியவள் உடனே ஆரம்பிக்கவில்லை. "நீ அந்தப் பக்கம் பிடிச்சுக்கோ" என்றாள். சின்னவள் ஆப்பிரிக்கா பக்கம் தோளைக் கொடுத்து நின்றாள். வெள்ளைத் தூசி பறந்தது. உட்கருவைத் தனியே உருட்டி எடுத்தார்கள். அது மட்டும் சிரமப்படாமல் கதவு வழியாகப் போயிற்று. பிறகு உலகம் இரண்டு துண்டாக, பக்கவாட்டில் உள்ளே நுழைந்தது.

கூடத்தில் நிறுத்தி உள்பக்கமாக போல்ட் போட்டு முடுக்கியும் கடல் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி நின்றது. பெரியவள் அதைப் பட்டி வைத்து அடைக்கப் போனாள். சின்னவள் தடுத்தாள்.

"இதுவும் அளவுதானா?" என்றார் டைரக்டர்.

"அளவு கொஞ்சம் பெரிசு சார். இடம் சரி."

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது இருவர் கையிலும் கண்ணாடி நார் குத்தி அரித்தது. பெரியவள் மாடிப்படியின் கீழே நின்று, புருஷனைக் கூப்பிடாமல், நேராகவே குரல் கொடுத்தாள்: "ஏய், சொறியாத! உள்ள போயிடும். இறங்கி வா." படியில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டும் டேப்பைக் கையில் ஒட்டி ஒட்டி உரித்தாள். ஒவ்வொரு முறையும் சின்னவள் "ஐயோ" என்றாள். பிறகு டேப்பை வாங்கிப் பெரியவளுக்கு உரித்தாள். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று பார்த்தார்கள். தங்களுக்கு இனி என்ன வேலை என்று அவர்களுக்குப் புரியவில்லை.

பூமியைப் பார்க்கக் கூட்டம் வந்தது. தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள், எல்லோரும் தொட்டார்கள். முக்கியமாகக் குழந்தைகள். ஒரே மாதத்தில் அவர்கள் கை எட்டும் உயரத்தில் தென்கடல் முழுக்கத் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பெரியவள் நீல பெயிண்ட் டப்பாவோடு வந்து, பழைய துணியைத் தரையில் விரித்து, பூமிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். சின்னவள் விளக்கைப் பிடித்தாள்.

"இந்த வெள்ளை தேய்ஞ்சதா, முதல்லயே வெள்ளையா?"

"அது அண்டார்டிகாக்கா. பனி. வெள்ளைதான்."

"அதுலயும் கீறி வெச்சிருக்குங்க. அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"கொஞ்சம் பேர். ஆராய்ச்சி பண்றவங்க."

"அப்ப ஒழுங்கா அடிக்கணும்" என்று சொல்லிப் பெரியவள் வெள்ளை பெயிண்டுக்குக் கையை நீட்டினாள்.