ஆப்பிள் சாற்றில் வைத்த பெயர்

எந்தப் பக்கம் தலை வைத்துக் குழியில் கிடத்தினாரோ? கேட்கக்கூட முடியவில்லையே. கேட்டால் இந்த மனிதர் அழுதுவிடுவார். அழுதால் நான் தேற்ற வேண்டும். யாரையும் தேற்ற எனக்கு இப்போது தெம்பில்லை.

அவீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணவன் ஓஸ்பெருக்குப் பின்னால் நடந்தாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளுக்குப் பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. இன்று அவள் கோயில் வாசலில் மண்டியிட வேண்டும். குருவானவர் தன் தோளில் கிடக்கும் பட்டுப் பட்டையின் நுனியை நீட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் தீட்டுக் கழியும். பிள்ளையைத் தந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகவும் ஆகும். அதன்பிறகு கிணற்றைத் தொடலாம், ஊரை ஆளும் பிரபுவின் பொது அடுப்பில் ரொட்டி சுடலாம். பிரபுவின் வேலைக்கும் போயாக வேண்டும்.

பிள்ளைதான் இல்லை.

நாற்பது நாளைக்கு முன், ஆப்பிள் பிழியும் பருவம். பிரபுவின் ஆலைக் கொட்டிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், "இன்னும் ரெண்டு தொட்டிதானே, முடிச்சிட்டுப் போ" என்றார் காரியஸ்தர். முதல் தொட்டி நிறையுமுன் சக்கைக் குவியலின் மேலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். பூனைக்குட்டிபோல ஒரு சத்தம், அப்புறம் உதடு நீலம் பாரித்தது. கூட வேலை செய்துகொண்டிருந்த மாபில்தான் ஊர் மருத்துவச்சி. சாகப்போகிற பிள்ளைக்கு மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம். கிணறு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாபில் கைக்கெட்டிய தொட்டியில் அள்ளித் தலையில் ஊற்றி, ஏலிஸ் என்று பெயர் வைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் பிசகாமல் சொல்லி முடித்தாள். தொட்டியில் இருந்தது ஆப்பிள் சாறு.

தண்ணீர் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்றுவிட்டார் குருவானவர். ஓஸ்பெர் தனியாகப் போய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, முட்செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினான்.

கோயில் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் பெரொனெல் என்பவள் மாபிலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"மாபிலக்கா, என் மருமகளுக்கு வலி வந்தா ஒன்னைத்தான் கூப்பிடுவேன். எதுக்கும் ஒரு வாளி தண்ணி நானே கொண்டாந்துடறேன்!"

சிரிப்பு எழுந்தது. மாபில் அவீஸின் அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"உள்ள போயிட்டு வந்துடு கண்ணு. நீ போயிட்டா இவளுங்க வாய் அடங்கும். இல்லேன்னா சாகுற வரைக்கும் இந்தப் பேச்சுதான் எனக்கு."

அவீஸுக்கு அவள்மேல் கோபமில்லை. யாராவது ஒருத்தர்மேல் கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது. அந்தக் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டாவது நடந்திருக்கலாம்.

குருவானவர் ரெனூஃப் வெளியே வந்தார். சளியால் மூக்கு சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை.

"மண்டி போடும்மா. குளிருது, சீக்கிரம் முடிச்சிரலாம்."

அவள் மண்டியிட்டாள். "சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நன்றி சொல்றப்ப அவ பேரையும் சொல்லலாமா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "எந்தப் பேரும்மா? அது செல்லாதே."

"பேரைச் சொன்னதும் கண்ணைத் தெறந்து பாத்தா சாமி."

"அது ஒன்னோட ஆசை. சட்டம் நான் போட்டதில்லம்மா." குரலை இறக்கி, ஆறுதலாகத்தான் சொன்னார்: "இன்னொண்ணு பொறக்கும். தண்ணியோட நானே வந்து நிக்கிறேன், போதுமா?"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரை, பன்றிகள் உள்ளே வராமலிருக்கக் கட்டியது என்றுதான் அவீஸ் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தாள். அம்மா அந்தச் சுவருக்குள் இருக்கிறாள். அண்ணன்கள் இருக்கிறார்கள். தனக்கும் அங்கேதான் இடம். அது எப்போதும் ஒரு நிம்மதியாக இருந்தது. இன்று அந்த நிம்மதி இல்லை. எல்லோரும் உள்ளே. அவள் மட்டும், அந்தச் சின்னது மட்டும், முட்செடிக்கடியில். உலகம் முடிகிறவரை அப்படியே. இப்போது எழுந்து உள்ளே போனால் அதற்குத் தானும் சம்மதித்ததாக ஆகும். சம்மதித்ததோடு நன்றியும் சொன்னதாக ஆகும்.

ஓஸ்பெர் குனிந்து அவள் காதருகே பேசினான். "காரியஸ்தர் நாளைக்கே ஆள் அனுப்புவாரு. உள்ள போகலேன்னா கிணத்துத் தண்ணிகூடத் தரமாட்டாங்க. எம்மேல கோவம்னா வீட்ல வெச்சுக்கலாம், அவீஸ்."

"ஒங்கமேல என்னங்க கோவம்."

குருவானவர் பட்டையின் நுனியை நீட்டினார். ரூவான் நகரத்துப் பட்டு, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. பிடித்தால் வழுக்கும்போல இருந்தது. அவள் கைகள் மடியைவிட்டு எழவில்லை. எழுப்பிப் பார்க்கவும் அவள் முயலவில்லை.

"என்னம்மா?"

"நீங்க போங்க சாமி. பூசைக்கு நேரமாவுது," என்றாள் அவீஸ், பணிவாக. "நான் வெளியவே இருந்துக்கறேன்."