காயாத முகம்

பிரைண்டலுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. கணவர் லேபெலை அடக்கம் செய்துவிட்டு வந்து, துக்கத்துக்கு அடையாளமாகக் கிழித்த மேலாடையோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்தவளின் கண், எதிர்ச்சுவரில் சாத்தியிருந்த படத்தை விட்டு நகரவில்லை. அதன்மேல் யாரோ வெள்ளை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள்.

பொஸ்கோவிட்ஸ் ஊர் யூதர்களுக்கெல்லாம் தலைவர் லேபெல். சபைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று மோரிட்ஸ் என்ற ஓவியர் இலையுதிர்காலம் முழுக்க அவரை எதிரே உட்காரவைத்து வரைந்தார். முகத்தை முடித்த வாரமே காய்ச்சல் வந்தது. அது அவர் முகத்தை வீங்கவைத்து, உருத்தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. இப்போது கண்ணை மூடினால் பிரைண்டலுக்கு அந்த வீங்கிய முகம்தான் வந்தது. அவளோடு குடும்பம் நடத்திய மனிதரின் முகம் அந்தப் படத்தில் மட்டுமே மிச்சம்.

துக்க வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகளை மூடுவது அவர்கள் வழக்கம். மூட வந்த புண்ணியவான்கள், கையோடு படத்தையும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

"தம்பி, அந்தத் துணிய எடு. எண்ணெய் வண்ணம் இன்னும் காயல" என்றாள் கொழுந்தன் ஆன்ஷெலிடம். அடுத்த தலைவர் அவர்தான். அந்தத் தோரணை அதற்குள் வந்திருந்தது.

"துக்க வீட்ல முகம் தெரியக் கூடாது அண்ணி."

"அது கண்ணாடி இல்லப்பா, படம்."

"முகம் முகம்தானே. ரப்பி வரட்டும், கேட்டுக்கலாம்" என்று மதகுருவிடம் தள்ளிவிட்டார்.

"அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருக்கார். வர்றதுக்குள்ள உங்கண்ணன் துணியோட ஒட்டிக்குவார்."

"அதுக்காக முறைய விட முடியுமா?"

அவளே எழுந்தாள். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். துக்கம் காப்பவள் வேலை செய்யக் கூடாதாம். துணியை எடுப்பது ஒரு வேலையா என்று கேட்டதற்கு, துக்கச் சாப்பாடான அவித்த முட்டையைத் தட்டில் நீட்டினார்கள்.

துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்பது அங்கே முறை. அதனால் அந்த வீட்டில் முதலில் ஒலித்தது எப்போதும் அவள் குரல்தான். ஒவ்வொருவரிடமும் துணியைப் பற்றியே சொன்னாள். எல்லோரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள். வெளியே போனதும், "பாவம், தடுமாறிப் போயிட்டா" என்றார்கள். சுவரிடம் பேசியிருந்தால் இந்தப் பொய்த் தலையாட்டலாவது இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியாயிற்று. இனி, எந்த வேலையும் செய்யக் கூடாத ஓய்வுநாளான சனிக்கிழமை முடியும்வரை யாரும் படத்தைத் தொட மாட்டார்கள். துணி ஈர வண்ணத்தில் அழுந்திக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை ரப்பி வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"படத்த யாரு மூடச் சொன்னது? கண்ணாடிக்குத்தானே அந்த வழக்கம்."

"சந்தேகம் வந்தா மூடிடறது நல்லதுன்னுதான்..." என்று இழுத்த ஆன்ஷெல், பழியைத் துடைக்கும் அவசரத்தில் துணியை வெடுக்கென்று பிடுங்கினார்.

முன்பே காய்ந்திருந்த தொப்பிக்கும் கோட்டுக்கும் ஒரு சேதமும் இல்லை. முகம் மட்டும் துணியோடு வந்துவிட்டது.

ஓவியரை வரவழைத்தார்கள். மோரிட்ஸ் படத்தைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். "எதிர்ல ஆள் இருந்தாத்தான்மா எனக்குக் கை ஓடும். நீங்க சொல்லுங்க, வாய் எப்படி இருக்கும்?"

பிரைண்டல் கண்ணை மூடினாள். வீங்கிய முகம் வந்தது. திரும்பத் திரும்ப அதுவே வந்தது.

"நெத்தி நல்ல அகலம். பார்வையில ஒரு கண்டிப்பு" என்று ஆன்ஷெல் ஆரம்பித்தார்.

"தாடி நெஞ்சுவரைக்கும்" என்றார் இன்னொருவர்.

"அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார் மூன்றாமவர்.

தினமும் சிரிப்பார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். எப்படிச் சிரிப்பார் என்று ஓவியர் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல மோரிட்ஸ் குறித்துக்கொண்டார்.

வசந்தத்தில் படம் கூடத்தில் ஏறியது. வந்தவர்களெல்லாம் அப்படியே உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணி, அண்ணனேதான், இல்ல?" என்றார் ஆன்ஷெல்.

பிரைண்டல் அண்ணாந்து பார்த்தாள். அகன்ற நெற்றியும் நீண்ட தாடியுமாக, மரியாதைக்குரிய மனிதராகத்தான் இருந்தார். யாரென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.