வரைந்தவர் எழுந்திருக்கலாம்

அது பழைய அச்சகம். எத்தனை முறை கழுவினாலும் தரையில் மைக்கறை போகவில்லை. சின்னவள் சுவருக்கு வெள்ளையடித்து, பலகைகளும் தூரிகைகளும் வாங்கிப் போட்டு, அதை ஊருக்குத் திறந்துவிட்டாள். காசு கிடையாது. வாசலில் தன் கையாலேயே எழுதி வைத்தாள்: 'யாரும் வரலாம், வரையலாம். யாரையும் போகச் சொல்ல மாட்டோம்.' வேலை முடிந்து மாலையில் தையல்காரர் வந்தார், கண்டக்டர் வந்தார், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நர்ஸ் வந்தாள். கட்டடம் அண்ணனுடையது. சாவி மட்டும்தான் சின்னவளுடையது.

ஒரு நாள் காலை, ஆளில்லாத நேரத்தில், அண்ணி வந்து நின்றாள். அண்ணன் அவளை வீட்டைவிட்டு விரட்டியபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். அம்மா ஓடிப்போனவள் என்று சொல்லியே வளர்த்தார்கள். வீட்டில் ஒரு புகைப்படம்கூட மிச்சமில்லை.

அண்ணி எதுவும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வந்தாள். ஒரு குழந்தை முகத்தை மனதுக்குள்ளேயே வளர்த்து, இளம்பெண்ணாக்கி, பலகையில் இறக்கிக்கொண்டிருந்தாள். யார் முகம் என்று சின்னவள் கேட்கவில்லை.

அண்ணன் காதுக்கு விஷயம் போய்விட்டது.

"அவ அங்க வர்றாளாமே."

"வர்றாங்க."

"அடுத்த வாரமும் வந்தா சாவியக் கொண்டாந்து வச்சிடு. நான் குடோனுக்கு விட்டுக்கிறேன்."

"போகச் சொல்ல முடியாதுண்ணே. வாசல்லயே எழுதி வச்சிருக்கேன்."

"எழுதினது நீதானே. அழிக்கவும் தெரியும்."

சின்னவள் அழிக்கவில்லை. இரண்டு நாள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. கம்பு அவளிடமே இருந்தது. அதன் பெயர் வட்டம்.

ஞாயிறுதோறும் ஒரு படத்தை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். வரைந்தது யாரென்று சொல்வதில்லை. வரைந்தவரும் கூட்டத்தில்தான் இருப்பார், ஆனால் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடித்ததும், 'வரைந்தவர் எழுந்திருக்கலாம்' என்பாள் சின்னவள். எழுந்தால் கைதட்டுவார்கள். எழாவிட்டால் யாரும் துருவ மாட்டார்கள். அந்தப் பலகை வெள்ளை பூசி அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணைக் கூட்டிட்டு வரேன் அண்ணி," என்றாள். "உங்க படத்தை நடுவுல வைக்கிறேன். கடைசியில எழுந்து, நான்தான்னு சொல்லுங்க."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரச் சாயம் சின்னவள் விரல்களில் ஒட்டியது. "உன் குலம் நல்லா இருக்கணும்மா," என்றாள். அது தன் குலமும்தான் என்பதை அந்த நேரத்தில் மறந்திருந்தாள்.

சின்னவளுக்கு அண்ணன் மகளின் நாக்கு தெரியும். அப்பனை உரித்து வைத்த நாக்கு.

ஞாயிறன்று அவள் வந்தாள், அத்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரில் அண்ணி. அப்போதுதான் அண்ணி அவளை முழுதாகப் பார்த்தாள். பெண்ணின் இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. அண்ணியின் கை தானாகத் தன் புருவத்துக்குப் போனது. படத்தில் தழும்பு இல்லை.

"கழுத்து கொஞ்சம் நீளம்," என்றார் தையல்காரர். "காலர் வச்சாலும் மறைக்காது."

"டிக்கெட் எடுக்காம ஏறின முகம் மாதிரி இருக்கு," என்றார் கண்டக்டர். "பாவம்போல பாக்குது." எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ சொல்லும்மா," என்றாள் சின்னவள்.

பெண் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு கீழ விழுந்ததே இல்ல போல அத்தை. காய்ச்சல்கூட வந்திருக்காது. வரைஞ்சவங்க ஒரு புள்ளைய பக்கத்துல இருந்து பாத்ததே இல்ல. கடை வாசல்ல துணி மாட்டி நிக்க வைப்பாங்களே, அந்த பொம்மை."

நர்ஸ் மட்டும், "அப்படிச் சொல்லாத கண்ணு," என்றாள்.

"தோணுறத சொல்லணும்னுதானே அத்தை சொல்லுச்சு."

அண்ணி வாய் திறக்கவில்லை. வழக்கத்தை அவள் மீறவில்லை. சின்னவள் நிதானமாக, எப்போதும்போல மென்மையாகச் சொன்னாள்: "வரைந்தவர் எழுந்திருக்கலாம்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. சின்னவள் வேண்டுமென்றே காத்திருந்தாள். அண்ணி தரையின் மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

"சரி, டீ குடிக்கலாம்," என்றாள் சின்னவள்.

கோப்பைகள் கைமாறும்போது அண்ணி போயிருந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. வாசலில் எழுதியது அப்படியே இருந்தது.

மறு வாரம் அண்ணன் ஆளனுப்பிக் கூரையின் ஒழுகலை அடைத்துக் கொடுத்தார். பெண்ணுக்கு வட்டம் பிடித்துவிட்டது, தானும் வரையப்போவதாகச் சொல்லி வந்தாள். காலியாக வேறு பலகை இல்லை. சுவரோரம் சாய்ந்திருந்த அந்த முகத்தை எடுத்தாள்.

"இதுல வரையட்டுமா அத்தை? யாருதோ?"

"யாருதும் இல்ல. வெள்ளை பூசிக்கோ."

அவள் பாட்டு முணுமுணுத்தபடி பூசினாள். கன்னம் போனது, வாய் போனது. காய்ந்த பிறகும் இரண்டு கண்கள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து மங்கலாகப் பார்த்தன.

"போக மாட்டேங்குது அத்தை."

சின்னவள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தடவ பூசு."