மலை மேல் என்று எழுதியது யார்

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திட்டு வாங்கிய வகையில். திருத்தணியில் சாமி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கும் வேன் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் ஆப்புக்குப் பைத்தானில் கோட் எழுதும் தேவயானி போன் செய்து என்னைத் திட்டினாள். ஏன் என்னை என்பதைப் பிறகு சொல்கிறேன். கோடில் என்ன கதை இருக்கிறது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2.
முதல் தொடக்கம்: மலைப்படிகளில் மஞ்சள் காவடிகள் அசைந்தபடி...
(வேண்டாம். காவடியைக் காட்டித் தப்பிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: பொதட்டூர்பேட்டை மனோரமா, முட்டி ஆப்பரேஷன் செய்த அப்பாவோடு மலை மேல் வேனுக்குக் காத்திருந்தார். அங்கேதான் வரும் என்றது ஆப். ஆனால் அன்று கிருத்திகை. கிருத்திகையன்று கம்பெனி வேன் மலை ஏறாது, அடிவாரத்தில்தான் நிற்கும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

"எங்க நைனா நிக்க முடியாம தரையிலயே உக்காந்துட்டாருங்க" என்றார் தேவயானியிடம். "வண்டி வருது வருதுன்னு உங்க ஆப்புதான் சொல்லிகினே இருந்துச்சு."

3.
நடந்தது சின்ன விஷயம். வேன் எங்கே நிற்கும் என்பதை அன்று ஆபீசில் யாரும் ஆப்பில் நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் 'மலை மேல்' என்று ஆப் தானாக எடுத்துக்கொள்ளும்படி, முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவர் ஒன்பது ஃபைல்களில் எழுதி

(முடிக்க முடியவில்லை. யாரோ இல்லை, நான்தான். மூன்று வரைவுகளிலும் 'யாரோ' என்றே ஓட்டினேன். வெட்கமாக இருக்கிறது.)

4.
தேவயானி ஒன்பது ஃபைல்களிலும் அந்த வரியை அழித்தாள். இடம், நேரம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் வைத்தாள். ஆப் தொடங்கும்போது அதை ஒருமுறை படித்துச் சரிபார்க்கும். ஒன்று விடுபட்டாலும், எது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். (இவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை, கதைகளையும் சேர்த்து.)

அடுத்த கிருத்திகை காலையில் ஆப் நின்றது. முதலாளி கஜபதி வந்தார்.

"இன்னாம்மா, வண்டிங்க கெளம்பிகினு இருக்குது, உன் ஆப்பு கெளம்பலன்ற?"

"இடத்த நிரப்புங்க சார், கெளம்பும்."

"நிரப்பலன்னா பழையபடி மலை மேலன்னு காட்டிட்டுப் போவட்டுமே."

"காட்டாது சார். தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லாது."

அவரே 'அடிவாரம்' என்று தட்டினார். ஆப் கிளம்பியது. அவர் கோபம் மட்டும் அடங்கவில்லை.

5.
அன்று மாலை கஜபதி என்னை அழைத்தார். "நீ எழுதனதுதான? வந்து பழையபடி போட்டுக் குடு. அந்தப் பொண்ண திங்கக்கெழமயோட அனுப்பிடறேன்."

"மாட்டேங்க" என்றேன்.

"ஒரு வரிதானப்பா."

"அந்த ஒரு வரிதாங்க. மறுபடி எழுத மாட்டேன்."

அவர் வைத்துவிட்டார். வேறு ஆள் கிடைப்பான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

6.
தேவயானிக்கு வேலை நிலைத்ததாகவே முடித்துவிடுங்கள், வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்கிறார் பத்திரிகை நண்பர். எனக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமையே இன்னும் வரவில்லை.

முடிவு: ..........

நிரப்ப விரும்பினால் நீங்கள் நிரப்புங்கள், உங்கள் பொறுப்பில். காலியாக இருக்கிறதே என்று நானாக எதையும் போட்டு வைக்க மாட்டேன். ஒருமுறை போட்டேன். மனோரமாவின் அப்பா மலை மேல் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.